முப்பத்தோரு கணினிகளில் அனுமதி கேட்பதை நிறுத்தியது குறித்து

என் பெயர் ப்யோன் க்வாங்சூ, வயது 52. ஜோன்ஜு நகரில் அடுக்ககம் ஒன்றின் ஏழாம் மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். அறுபது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாகக் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர். வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதவிக்கான இரண்டு நாள் பயிற்சியில் முதல் நாள் கடைசி வரிசையில் தூங்கினேன், இரண்டாம் நாள் போகவே இல்லை. சான்றிதழ் தபாலில் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

வரவேற்பு மேசையில் இருக்கும் தக் உன்சொல் (வயது 24) செய்த தவறால்தான் நோயாளி இறந்தார் என்று மருத்துவமனை கொடுத்த புகார் தொடர்பாகக் காவல் ஆய்வாளர் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற மார்ச் மாதம் தலைமைச் செவிலியர் குக் மிரான் என் அறைக்கு வந்து, "சார், அங்க ஒருத்தர் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. உங்க கம்ப்யூட்டரு பொண்ணு பாக்க வந்த மாமா கணக்கா 'நிச்சயமா? நிச்சயமா?'ன்னு கேட்டுக்கிட்டு நிக்குது. அதுக்குப் பதில் சொல்லவா, ஊசி போடவா?" என்றார். நியாயமான கேள்வி. எந்த நிரலைத் திறந்தாலும் 'இதை அனுமதிக்கலாமா?' என்று கணினி கேட்கும். மருந்துப் பதிவு நிரலுக்கு மட்டும் ஒவ்வொரு கணினியிலும் நிரந்தர அனுமதி கொடுக்கலாம், அதற்கு இரண்டு நாள் ஆகும். கேட்பதையே அடியோடு நிறுத்த ஒரு காலை போதும். பயறுமுளைச் சூப் கடையில் பன்னிரண்டரைக்கு மேல் இடம் கிடைக்காது என்பதால் அடியோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். அதன் பிறகு செவிலியர்கள் எனக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார்கள். பதினாறு ஆண்டில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அக்டோபர் 14 காலை 9.40 மணிக்கு, வங்கிப் பாதுகாப்பு நிரலைப் புதுப்பிக்கச் சொல்லி உன்சொல்லின் திரையில் ஒரு செய்தி வந்தது. வங்கியோ அரசு அலுவலகமோ, நாலு பாதுகாப்பு நிரலுக்கு 'ஆம்' சொல்லாமல் நம்மை உள்ளே விடுவதில்லை, இது ஆய்வாளருக்கும் தெரியும். படிக்காமல் அழுத்தத்தான் எல்லோருக்கும் பழக்கம். அவளும் அழுத்தினாள். பழையபடி இருந்திருந்தால், இது யாருடையதென்று தெரியாத நிரல், விடலாமா என்று கணினி இன்னொரு முறை கேட்டிருக்கும். கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் போனில், "சார், எல்லாம் செவப்பா வருது. சத்தியமா ஒண்ணும் பண்ணல சார், ஆம்னு மட்டுந்தான் அழுத்துனேன்" என்றாள். நான், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, சரியாப் போயிரும்" என்றேன். வந்தது வங்கி நிரல் அல்ல, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் திருட்டு நிரல்; அது மற்ற கணினிகளுக்கும் பரவி, 10.05க்குள் நோயாளிகளின் குறிப்புகள் அனைத்தும் பூட்டிக்கொண்டன.

அதன் பிறகு 10.30 மணிக்கு டாக்சி ஓட்டுநர் போங் தேசிக் (வயது 61) கடும் காய்ச்சலில் நினைவின்றிக் கொண்டுவரப்பட்டார். அவருக்கு ஒவ்வாத மருந்தின் பெயர் பூட்டிய குறிப்பில் இருந்தது. மருத்துவர் கேட்டபோது சொல்ல ஆளில்லை. அந்த மருந்தையே போட்டார்கள். 11.10க்கு இறந்தார். 11.30க்கு வந்த அவர் மனைவி, "பென்சிலின் ஆகாதுன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேனேய்யா" என்றார். கையில் கணவருடைய செருப்பு இருந்தது.

உன்சொல் மீது குற்றமில்லை. கேட்பதை நிறுத்தியவன் நான். இவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாது, அறியாமையால் செய்தேன். இதுவரை சொன்னதை எழுதி, படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) ப்யோன் க்வாங்சூ

ஒப்பமிட்ட பின் ஆய்வாளர் கேட்டதால் சேர்த்தது: அன்று மருத்துவமனையில் பூட்டிக்கொள்ளாத கணினி ஒன்றே ஒன்று, என்னுடையது. அதில் மட்டும் அனுமதி கேட்பதை நான் நிறுத்தவில்லை.