முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர்

எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன விஷயம், இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் நாற்காலி உங்களுக்கு உயரம் அதிகம். பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை. கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கொண்டால், எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அந்த வலி ஒரு வாரத்தில் ஓடிப்போகும். கேட்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷத் தொழில் பழக்கம். யாரைப் பார்த்தாலும் எங்கே சரிசெய்யலாம் என்றுதான் எனக்குக் கண் போகிறது.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். சந்தோஷமாக எழுதுகிறேன். இத்தனை நாளாக என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் ஏன், ஏன் என்று குடைந்தார்களே தவிர, எப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் உழைப்பெல்லாம் அந்த எப்படியில்தான் இருக்கிறது.

என் உடற்பயிற்சிக் கூடம் இரும்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில். ஜன்னல் ஓரமாக மூன்று ட்ரெட்மில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான். எதிர்ச் சுவரில் நீளக் கண்ணாடி. வியர்வை வாசனையும் கீழேயிருந்து வரும் துரு வாசனையும் கலந்து அடிக்கும், பழகினால் பிடித்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் இளைப்பார்கள், பலம் ஏறுவார்கள், மூன்று நான்கு மாதத்தில் பொசுக்கென்று நின்றுவிடுவார்கள். அதைத் தேக்கம் என்போம். உடம்பு மகா சோம்பேறி, மேடம். கொடுத்த வேலைக்குப் பழகிக்கொண்டு அதற்குமேல் நகர மாட்டேன் என்று கால் நீட்டிப் படுத்துவிடும். அதை எழுப்ப ஒரே வழி பெரிய இலக்கு. கேட்டதும் வயிறு கொஞ்சம் கலங்க வேண்டும். சுலபமாக எட்டுகிற இலக்கைச் சொன்னால் உடம்பு கொட்டாவி விடும்.

இனி மாமா. என் அக்காவின் கணவர். ஐம்பத்தெட்டு வயது, லிப்ட் மெக்கானிக். போன வருஷம் வேலை நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கலாம், நாடித் துடிப்பு நூற்றி இருபதைத் தொட்டால் அந்த நிமிஷமே நின்றுவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா அவரைக் கையோடு கூட்டிவந்து என்னிடம் ஒப்படைத்தாள்.

"உன்னை நம்பித்தான்டா விட்டுட்டுப் போறேன். இவர் ஒரு சிரிப்பு சிரிச்சு எல்லாரையும் ஏமாத்திடுவார், விட்டுடாதே."

"ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கற மாதிரியே சேக்கறாளே," என்றார் மாமா. "ரப்பர் பென்சில் வாங்கிக் குடுக்கலையா?"

மாமா இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மெஷினில் ஏறியதும் வேகம் கூட்டும் பட்டன்மேல் விரலை வைத்து, "எந்த மாடி சார்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். எங்களிடம் நூறு கிலோவைத் தலைக்கு மேலே தூக்குகிற ஆள் ஒருவன் உண்டு. அவனுக்குப் பஞ்சு என்று பேர் வைத்ததும் மாமாதான். இன்றைக்கு அவன் வீட்டிலேயே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாமா என்றால் எனக்கு உயிர். இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மாதத்தில் மாமா அரை மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தார். அங்கேயே நின்றார். தினமும் அதே மூன்று. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால் திரையில் நாடி நூற்றி இருபதைத் தொடும், உடனே இறங்கித் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். "நமக்கு இதுவே போதும் மச்சான்," என்பார். இதுவே போதும் என்று நூறு பேர் சொல்லிக் கேட்டவன் நான். பேசுவது அவர்கள் இல்லை, தேக்கம்.

ஒரு நாள் காலையில் சுவர்ப் பலகையில் அவர் பேருக்கு நேராகப் புதுத் தாள் ஒன்றைக் குத்திவைத்தேன். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர். பத்து வாரம். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது யாருக்கு மச்சான்?"

"உங்களுக்குத்தான் மாமா."

"எனக்கென்ன, பஸ்ஸு கிளம்பிப் போயிடுச்சா?"

கூடமே சிரித்தது. பஞ்சு கை தட்டினான். மாமாவும் சிரித்துவிட்டு ஷூவுக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேகத்தில் கை வைத்தேன். ட்ரெட்மில்லில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ரிப்பேர்காரர்களுக்கான பக்கம் திறக்கும். பெல்ட்டைச் சுற்றும் உருளையின் அளவை அதில் மாற்றிக் கொடுத்தால், திரை ஆறு என்று காட்டும்போது பெல்ட் ஏழில் ஓடும். ஆறுதானே என்று மனசு நம்பிவிட்டால் கால் தானாக ஓடும் என்பது என் கணக்கு. மாமா ஏறிப் பத்து அடி வைத்திருக்க மாட்டார், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"மச்சான், மோட்டார் ஏழுன்னு பாடுது, போர்டு ஆறுன்னு காட்டுது. முப்பது வருஷமா மோட்டார் சத்தத்தைக் கேட்டே பொழைக்கறவன்கிட்ட காட்டற வேலையா இது?"

கோபமே இல்லை. என் முதுகில் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான். அக்காவிடம் சொல்லி இருவரும் போனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் அசடு வழிந்தது. ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. மாமாவை நிறுத்துவது வேகம் இல்லை. நூற்றி இருபது என்கிற அந்த எண். மோட்டாரின் சத்தத்தைக் காதால் எடை போடுகிற மனுஷர், தன் நெஞ்சுக்குள் நடப்பதை மட்டும் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மீட்டர் ஒன்று சொன்னால் அதற்குமேல் அவருக்குப் பேச்சே இல்லை. இன்னொருவராக இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று இறங்கியிருப்பார். மாமா மீட்டரைப் பார்ப்பார்.

நாடியை அளக்க மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டுவோம். அது அனுப்பும் கணக்கைப் பக்கத்தில் இருக்கும் மெஷின் பிடித்துத் திரையில் காட்டும். யார் மார்பில் இருக்கும் பட்டை என்று மெஷினுக்குத் தெரியாது. மாமாவின் பட்டையிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு அவருக்கே கட்டிவிட்டேன். நல்ல பட்டை ஒன்றை என் பனியனுக்குள் கட்டிக்கொண்டேன். துணைக்கு நானும் நடக்கிறேன் மாமா என்று அடுத்த மெஷினில் ஏறினேன். என் மெஷின் திரைமேல் துண்டு போட்டிருந்தேன். நான் சாவகாசமாக நடப்பேன், மாமா ஓடுவார். அவர் திரையில் என் நாடி தெரியும். நூற்றி நான்கு, நூற்றி ஆறு. இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த இதயம் என்னுடையது, லேசில் பதறாது.

அதற்குப் பிறகு பாருங்கள். மூன்றரை. மூன்றே முக்கால். ஏழாவது வாரம் நாலே கால். கூடமே அவரைச் சுற்றி நிற்கும். இரும்புக் கடை முதலாளிகூடக் கல்லாவை விட்டுவிட்டு மாடியேறி வந்து பார்ப்பார். மாமா ஒவ்வொரு கால் கிலோமீட்டருக்கும் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமான நாட்களை அந்தக் கூடம் அதற்கு முன் கண்டதில்லை.

"இன்னைக்கு என்னமோ மூச்சு ஜாஸ்தியா வாங்குது மச்சான்," என்பார் சில நாள்.

"நூத்தி நாலுதான் மாமா, நீங்களே பாருங்க. எல்லாம் மனசுதான்."

"அட, ஆமா. மீட்டர் சொன்னா சரிதான்."

எட்டாவது வாரத்திலிருந்து ஓடி முடித்ததும் அவர் முகம் நனைந்த சிமென்ட் நிறத்துக்குப் போக ஆரம்பித்தது. நான் கவனிக்காமல் இல்லை. என் நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்: நிறம் மாறுகிறது, தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்ல வேண்டும். சொல்லவும் சொன்னேன்.

பத்தாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. வேகம் பத்துக்குக் கொஞ்சம் மேலே. இருபத்தேழாவது நிமிஷம் நாலரை கிலோமீட்டர் முடிந்திருந்தது. மாமா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், போதும். நிறுத்திடு."

அவர் மெஷினின் சிவப்புப் பட்டன்மேல் என் உள்ளங்கை இருந்தது. யாரும் தவறி அழுத்திவிடக் கூடாதே என்று முதலிலிருந்தே அங்கே வைத்திருந்தேன். கொஞ்சம் அழுத்தினால் போதும். "நூத்தி எட்டுதான் மாமா," என்றேன். அவர் திரையைப் பார்த்தார். உண்மையாகவே நூற்றி எட்டுதான் இருந்தது. ஒரு சின்னப் பையன் மாதிரி தலையாட்டிவிட்டு, கம்பியை விட்டுக் கையை வீசி ஓடினார். அப்படி ஒரு நம்பிக்கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இருபத்தொன்பது நிமிஷம் நாற்பது விநாடி. ஐந்து கிலோமீட்டர். இருபது விநாடி மிச்சம். பஞ்சு கை தட்டினான். மாமா மடங்கி உட்கார்ந்தார், பெல்ட் அவரைப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளியது. நிறுத்தும் பட்டனை அழுத்தினால் திரையில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சரியாக வரவில்லை, இன்னொரு முறை எடுத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி பஞ்சுவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பார்த்தவர்கள் இரண்டு என்கிறார்கள், நான் சண்டை போடப் போவதில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே மாமா போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அக்கா என் கையை விடவில்லை. "கடைசி வரைக்கும் நீதான்டா அவர்கூட இருந்தே," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்த மார்புப் பட்டையை அக்காவின் மகள் கழற்றிப் பார்த்திருக்கிறாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அப்படியென்றால் அப்பாவின் திரையில் ஓடிய எண் யாருடையது என்று நேரே என்னிடம் வந்து கேட்டாள். கெட்டிக்காரப் பெண், அப்பாவின் மூளை அப்படியே. நான் பொய் சொல்லவில்லை. என்னுடையது என்றேன். அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், அந்தப் படத்தைப் பெரிதாக்கி சட்டம் போட்டுக் கொடுத்தால் மனசு மாறும் என்று இருக்கிறேன்.

ஆமாம், மேடம், செய்தது நான்தான். அவர் நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை. ஆனால் மாமாவின் இலக்கை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தேன் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அது மாமாவின் இலக்கா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். என் தாளைப் பலகையிலிருந்து எடுத்தபோது அடியில் இன்னொரு தாள் இருந்ததாம். இருக்கும். முதல் நாள் அவர் கையால் எழுதிக் கொடுத்தது அது. மகள் குடிபோன இடத்தில் லிப்ட் இல்லை. மூன்றாவது மாடி. "பொண்ணு வீட்டுக்கு நடுவுல எங்கயும் நிக்காம ஏறிப் போகணும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார். அதை மூன்றாம் மாதமே ஏறிவிட்டார். மறுநாள் வந்து, அவள் கதவைத் திறந்ததும் மூச்சு வாங்காமல் பேசினேன் மச்சான் என்று என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். அதற்கு அடுத்த நாள் காலைதான் அதன்மேல் என் தாளைக் குத்தினேன். மொத்தம் ஐம்பத்து நான்கு படி, மேடம். அதெல்லாம் ஒரு இலக்கா?