பழம் வைக்கும் முன் குறை சொன்னவர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் உலகநாதன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கொம்யூன் நிர்வாகப் பிரமுகர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி ரோசம்மாள் அவர்களே, வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மாதர் சங்கத்தின் காரியதரிசி என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். அழுகையோடு பேச வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரியும். ஆனால் மறைந்த மோட்டார் விற்பனையாளர், நாம் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று அழைத்த இன்னாசிமுத்து அவர்களின் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் எனக்கு அழுகை வரவில்லை, பெருமைதான் வருகிறது. அதை அடக்கிக்கொள்ளப் போவதில்லை. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் விற்பவரை நம்பலாமா? இந்தக் கேள்வியை நம் ஊர்களில் யார்தான் கேட்கவில்லை? புதுச்சேரியிலிருந்து கோட்டும் தொப்பியுமாக ஒருவர் வந்து இறங்குவார். ஹாரனை அழுத்தி, நாயனம் மாதிரி இல்லையா என்பார். நம் மணிலாக் கொட்டையும் கரும்பும் விற்ற காசு வீட்டை விட்டுப் போகும். வண்டி நடுவழியில் நிற்கும். இந்த மேடையில் அமர்ந்திருக்கும் தலைவரே அன்று எங்கள் சங்கக் கூட்டத்தில் என்ன சொன்னார்? "மோட்டாரு விக்கிறவன் வாயும் மோட்டாரு குழாயும் ஒண்ணும்மா, ரெண்டுலயும் பொகதான் வரும்" என்றார். இப்போது சிரிக்கிறார், பாருங்கள்!

இன்னாசிமுத்து மட்டும் வேறு மாதிரியா? இல்லை. அவரும் வாய் ஓயாமல் பேசுவார். என்னை எங்கே பார்த்தாலும், "டீச்சரம்மா, உங்களுக்குன்னே ஒரு சின்ன வண்டி வந்து கீது" என்பார். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில்கூட விட்டதில்லை. கடைசிவரை அவர் விற்பவர்தான். அவரைப் புனிதராக்கிப் பேசினால் ரோசம்மாளே எழுந்து மறுப்பார்.

நம் சங்கத்துக்கு ஒரு மோட்டார் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? பிரசவம் சிக்கலான பெண்களைக் கிராமத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் அந்த வண்டி. மாட்டுவண்டியில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு உயிரும் போன வீடுகள் இங்கே உண்டு. அவர் வேலை பார்த்த கம்பெனியில்தான் வாங்கினோம். பச்சைச் சாயம் பூசிய பழைய கார். கண்ணாடி போல மின்னியது. வில்லியனூர்க் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலில் ஒரு கர்ப்பிணி ஏறி மாடவீதி சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு. கிருமாம்பாக்கத்துத் தையலம்மாள் வந்தாள். படியில் கால் வைத்தாள்.

"எறங்கிடும்மா தாயே! சக்கரம் தாங்காது!"

கத்தியவர் இன்னாசிமுத்து. குனிந்தார். பின்சக்கரத்தின் கீழிருந்த பழத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூசை நேரத்தில் வைத்த பழத்தை எடுப்பார்களா! கூட்டம் பதறிவிட்டது. அவருடைய முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"இன்னாய்யா பண்ற நீ? நல்ல காரியத்துல அபசகுனமா?" என்று தலைவர் சீறினார். "நீ சொல்றத நாங்க எப்பிடி நம்பறது?"

"என்ன நம்பாதீங்க ஐயா. சக்கரத்த பாருங்க."

சாவியால் சுரண்டினார். அந்தக் காலத்துக் கார், மரச்சக்கரம். பச்சைச் சாயம் உதிர்ந்தது. அதற்குக் கீழே மெழுகு. மெழுகுக்குக் கீழே ஆரக்காலில் விரல் நுழையும் வெடிப்பு. வண்டிச் சக்கரத்தோடு வாழ்கிற ஊர் இது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"மொதலாளி கிட்ட சொன்னேன். வாய மூடுன்னாரு, மூடிக்கினேன். வவுத்துப் புள்ளக்காரி ஏறுறப்ப மூடிக்கினு நிக்க முடியல" என்றார். அந்த இடத்திலேயே அவருக்கு வேலை போயிற்று.

பிறகு அவரே தேடி அலைந்து வேறொரு வண்டியைப் பிடித்து வந்தார். மூட்டை ஏற்றிய பழைய லாரி. மேலே கித்தான், உள்ளே பலகை. அதே கோயில் வாசலில் நிறுத்தி, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னார்: "பாக்க லட்சணமில்ல. கத்தும், குலுக்கும். சேத்துல இழுத்தா கொதிக்கும். கொதிச்சா பயப்படாதீங்க, ஆற வுட்டு தண்ணி ஊத்துங்க, போவும். சக்கரம் நான் பாத்துட்டேன், கழலாது." அதன் பிறகே பழம் வைத்தார். தையலம்மாள் ஏறினாள். ஊர் அந்த வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது.

தாய்மார்களே, அந்த ஐப்பசி மழையை மறந்திருக்க மாட்டீர்கள். தையலம்மாளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டார். எருமையில் ஏற்றினோம். நானும் கூட இருந்தேன். கடலூர் சாலையில் பாதி வழி சேறு. ஓட்டுநர் சாமிக்கண்ணு மெல்ல இழுத்தார். திடீரென்று முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி!

"வெடிக்கப் போவுது, எறக்குங்க!" என்று மாமியார் அமிர்தம் அலறினார். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. "அதுல மாத்தலாம். எம் மருமவள இந்தப் பேயில வெச்சிக் கொல்லாதீங்க!"

நான் படித்த படிப்பெல்லாம் ஆவியோடு போய்விட்டது. பேசியவள் தையலம்மாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா கெட அத்த. கொதிக்கும்னு அந்த ஆளு கோயிலாண்ட சொன்னாரா இல்லியா? சொன்ன மாதிரிதான கொதிக்குது? அப்ப சக்கரமும் அவரு சொன்ன மாதிரிதான் நிக்கும். நான் எறங்க மாட்டேன்."

சாமிக்கண்ணு வண்டியை ஆறவிட்டு, வாய்க்கால் தண்ணீரை ஊற்றினார். எருமை உறுமியது. நகர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது!

தையலம்மாள் அதோ உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இருப்பவள் அன்று பிறந்தவள்.

அன்றிலிருந்து பல தடவை யோசித்திருக்கிறேன். வண்டி நன்றாக ஓடும் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், ஆவி வந்த அந்த நொடியிலேயே நாங்கள் இறங்கியிருப்போம். கொதிக்கும் என்று சொன்னதால்தான் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் விற்பவரை நம்பலாமா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அந்தச் சாலையில் கிடைத்தது. குறையை யார் முதலில் சொல்கிறாரோ, அவரை நம்பலாம்.

இன்று என்ன நடக்கிறது? வில்லியனூரில் எந்த வண்டி வந்தாலும், மாலை போட்டாலும், மேளம் கொட்டினாலும், "கொறைய சொல்லுப்பா, அப்பறம் பழம் வைக்கலாம்" என்கிறது கூட்டம். யார் போட்ட சட்டம் இது? கவர்னர் போட்டதா? இல்லை! வேலையிழந்த ஒரு விற்பனைக்காரர், சட்டைப்பையில் போட்டுக்கொண்ட ஒரு பழத்தால் போட்ட சட்டம்! வேலை போன பிறகும் அவரைத் தேடித் தேடி வண்டி வாங்கினார்களே! தலைவர் வந்து இறங்கிய காரும் இன்னாசிமுத்து விற்றதுதானே! அவர் தோற்றா போனார்? வென்றார்! வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன்களையும் வென்றார்!

எருமைக்கு வயதாகிவிட்டது. சங்கத்துக்கு அடுத்த வண்டி வந்து, இந்தப் பந்தலுக்கு வெளியே நிற்கிறது. அன்று அவரை விரட்டிய அதே கம்பெனிதான் அனுப்பியிருக்கிறது. துக்கக் கூட்டத்தன்று வண்டியா என்று சிலர் கேட்டார்கள். ரோசம்மாள்தான் சொன்னார்: "அவரு இருந்திருந்தா முதல்ல வண்டியாண்டதான் போயிருப்பாரு. வரட்டும்."

அன்பர்களே, அவருக்குச் சிலை வைக்க நம்மால் ஆகாது. அவர் செய்ததைச் செய்ய முடியும். சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன்: குறை கேட்காமல் எங்கள் வண்டிச் சக்கரத்தின் கீழ் ஒரு பழமும் வைக்க மாட்டோம். நம் பெண்கள் தெரிந்தே ஏறுவார்கள்.

கம்பெனியிலிருந்து வந்திருக்கும் ஐயா, பந்தக்காலின் பின்னால் நிற்கிறீர்கள், தெரிகிறது. முன்னே வாருங்கள். தொப்பியைக் கழற்ற வேண்டாம். அவரும் கழற்ற மாட்டார். பூசை நாளைக்குத்தான். பழம் தையலம்மாளின் கையில் பத்திரமாக இருக்கிறது.

இன்று குறையைச் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் கேட்கிறோம்.