சிவப்பு மையில் நான் எழுதிய குறைகள்

தலைமைக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் ஜவாஹிர் மாஸ்டர் அவர்களே, கிண்ணியாவின் மதிப்புக்குரிய பெரியோர்களே, மகனை வழியனுப்ப வந்திருக்கும் நபீஸா உம்மா அவர்களே, அவரைச் சூழ்ந்திருக்கும் தாய்மார்களே, துறைமுகப் பட்டறைத் தோழர்களே!

நாளை வளைகுடா நாட்டுக்குப் பொறியியலாளராகப் புறப்படுகிறார் அன்ஸார். பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டு எனக்குப் பழக்கமில்லை. பின்வரிசையில் சிரிக்கிறாரே அபூதாஹிர், அவரைக் கேளுங்கள்; பட்டறையில் அதிகம் ஏச்சு வாங்கியவர் அவர்தான்.

நானும் பொறியியல் படித்தவன்; நானும் கடல் கடக்கக் கனவு கண்டவன். என் பயிற்சிக்காலத்து மேலதிகாரி என்ன செய்தார்? ஆறு மாத உழைப்புக்கும் சேர்த்து என் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரே சொல் எழுதினார்: 'திருப்தி'. அந்த ஒற்றைச் சொல்லை நம்பி எந்த நாடு வேலை தரும்? எந்த நாடும் தரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகியும் அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அன்ஸார் விடுமுறைப் பயிற்சிக்கு வந்தபோது மேற்பார்வையாளன் நான். மாலைதோறும் குறிப்பேட்டை நீட்டுவார். மாலைதோறும் அவர் விட்ட பிழையைச் சிவப்பு மையில் எழுதுவேன். பம்பின் வால்வைத் தலைகீழாகப் பூட்டினார், எழுதினேன். அளக்காமல் குழாயை வெட்டினார், எழுதினேன். அக்கறையா? இல்லை, சபையோரே, எரிச்சல்! எனக்குக் கிடைக்காதது இவருக்கு ஏன் கிடைக்க வேண்டும் என்ற எரிச்சல்!

கடைசி நாள் கேட்டார்: "சேர், இதப் பாத்தா எனக்கு ஆரு வேல தருவாங்க?"

"நடந்ததைத்தான் எழுதினனான். மாத்த ஏலாது" என்றேன்.

பட்டம் பெற்றபின் இந்த வளைகுடா வேலைக்காக அவர் கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வெறுக்கும் மனிதராகவே நானும் ஆகிவிட்டேனா?

தேர்வாளரோ மற்றவர்களின் குறிப்பேடுகளை ஒருமுறை பார்த்து மூடிவிட்டு, இதை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். வால்வைப் பற்றிய பக்கத்தில் நிறுத்தி, மறுநாள் என்ன செய்தாய் என்று கேட்டாராம். விடிய வந்து கழற்றி, தண்ணீர் போகும் திசையைத் தாளில் கீறிப் பார்த்து, சரியாகப் பூட்டிய கதையை அன்ஸார் சொன்னார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மறுநாள் அவரிடம் இருந்தது. வேலை அங்கேயே உறுதியானது.

திரும்பி வந்து தோணித்துறையில் இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "சேர், நீங்க ஏசினதத்தான் கேட்டாங்க."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது!

படிக்கும் பிள்ளைகளே, வெளிநாடு போக விரும்புகிறீர்களா? புகழ்ச்சி தேடாதீர்கள். பிழையை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிழையைத் திருத்துங்கள். திருத்தியதை அஞ்சாமல் சொல்லுங்கள்!

நபீஸா உம்மா, குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இன்று அன்ஸாரிடம் கேட்டு வாங்கி அதையும் நிரப்பினேன்: 'மேற்பார்வையாளரின் பிழை: இந்தப் பிள்ளையைக் கண்டு எரிச்சல்பட்டது.' சிவப்பு மையில்தான் எழுதினேன். கையொப்பமும் இட்டேன்.

செவிகொடுத்த சபைக்கு என் நன்றி; எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்!