காலி வாளியோடு ஒரு யூதாஸ்

எரெந்திரா: அப்பா, இங்க வேண்டாம். அடுத்த தெருவுல நின்னு பார்க்கலாம். அங்க சோளமும் நல்லாருக்கும்.

அபுந்தியோ: எல்லாச் சோளமும் ஒரே லாரியிலதாம்மா வருது. நான் தலைவரா இருக்கிற தெருவை விட்டுட்டு அடுத்த தெருவுல போய் நிக்கவா? புனித சனிக்கிழமை அன்னிக்கு? மாப்பிள்ளை, இன்னிக்குக் கொளுத்தறதுக்குக் கயித்துல எத்தனை யூதாஸ் பொம்மை தொங்குது?

கிரிஸ்பின்: நாலு மாமா. கொம்பு வச்ச சாத்தான், கால்பந்து நடுவர், அப்புறம் யாரோ டாக்டர்...

அபுந்தியோ: நாலாவது? கையில காலி வாளியோட?

கிரிஸ்பின்: பால்காரர் போல.

அபுந்தியோ: பால்காரருக்கு எதுக்கு என் மீசை?

எரெந்திரா: மீசை ஊருக்கே இருக்குப்பா.

அபுந்தியோ: கழுத்துல அட்டை வேற. 'வியாழக்கிழமை தண்ணி வரும்'. இது நான் தெருச் சங்கக் கூட்டத்துல சொன்னது.

எரெந்திரா: எந்த வியாழன்னு அப்பவும் நீங்க சொல்லலையே...

அபுந்தியோ: ம்... இருங்க. சோளம் வாங்கிட்டு வரேன்.

எரெந்திரா: போயிட்டார். அந்தப் பொம்மையைச் செஞ்சது நீதான்னு தெரிஞ்சா, சாயங்காலமே நம்ம மூட்டை அவர் வீட்டு வாசல்ல கிடக்கும். ஏழாம் மாச வயித்தோட எங்க போறது?

கிரிஸ்பின்: நான் என்ன பண்ணுவேன்? பொம்மைப் பட்டறைக் கதவுக்குக் கீழ யாரோ ஒரு உறையைத் தள்ளிட்டுப் போனாங்க. உள்ள பணம், உங்கப்பா போட்டோ. முதலாளி என்கிட்ட கொடுத்துட்டார்.

எரெந்திரா: மூஞ்சியைக் கொஞ்சம் மாத்தியிருக்கலாம்ல?

கிரிஸ்பின்: மாத்தினேனே. சிரிக்க வச்சேன்.

எரெந்திரா: வாயைத் திறக்காத. வந்துட்டார்.

அபுந்தியோ: இந்தா, பிடிங்க. மாப்பிள்ளை, தீ வச்சதும் இந்தப் பொம்மையெல்லாம் எப்படிச் சுத்துது?

கிரிஸ்பின்: எனக்கென்ன மாமா தெரியும்? நான் ராத்திரியெல்லாம் ரொட்டிக்கடையில...

அபுந்தியோ: பெருசா என்ன இருக்கு. கால்ல தீ வச்சா மொத்தமா எரிஞ்சிடும்.

கிரிஸ்பின்: அதெப்படி மொத்தமா எரியும்? இடுப்புல நாணல் வளையம் இருக்குல்ல, அதுல வாணத்தையெல்லாம் ஒரே பக்கமாச் சாய்ச்சுக் கட்டணும். அப்பதான் தள்ளுற வேகத்துல ஆள் சுத்துவான். எதிரும் புதிருமாக் கட்டினா அசையவே மாட்டான்.

எரெந்திரா: கிரிஸ்பின்...

கிரிஸ்பின்: இரு, முக்கியமானதே இனிமேதான். திரி இடது குதிகால்ல ஆரம்பிக்குது. இடுப்பு சுத்தி முடிச்சாத்தான் நெஞ்சுக்குத் தீ போகணும். அதுக்காக நடுவுல ரெண்டு சுத்து காகிதம் கூடுதலா...

எரெந்திரா: போதும் கிரிஸ்பின்.

அபுந்தியோ: குதிகால்ல இருக்கிற திரி இங்கேர்ந்தே தெரியுதா உனக்கு?

எரெந்திரா: அப்பா, ரொட்டிக்கடைன்னு சொன்னது பொய். பொம்மைப் பட்டறைக்குத்தான் போறார். வீட்டை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க.

கிரிஸ்பின்: மன்னிச்சிடுங்க மாமா. அந்தப் போட்டோவைக் கொடுத்தவன் மட்டும் கையில கிடைச்சான்னா, சட்டையைப் பிடிச்சு உலுக்கிடுவேன்.

அபுந்தியோ: இந்தா என் சட்டை, பிடி. ஜூன்ல சங்கத் தேர்தல் வருது, ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தனும் என்னைக் கொளுத்தல. திட்டக்கூட ஞாபகம் வராத தலைவருக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்?