காதுக்கு எட்டாத கை

திருத்தங்கல் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மகளை மடியில் வைத்திருந்த ஒரு தாய், பக்கத்திலிருந்த டீச்சரிடம் சொன்னாள்:

"தீப்பெட்டி ஆபீஸ்ல யாரும் காதைத் தொடச் சொல்றதில்ல, டீச்சர்."

"தலைக்கு மேல கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டாத்தாம்மா ஒண்ணாப்பு. எட்டலைன்னா வயசு பத்தாதுன்னு அர்த்தம். அடுத்த வருசம் கூட்டியாங்க."

"அதுக்குள்ள இவ அப்பா குச்சி அடுக்க அனுப்பிருவாக. மூத்தவ அப்படிப் போனவதான், பள்ளிக்கூடத்துப் பக்கமே வரல."

டீச்சர் பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பார்த்தார். காதுக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை.

"தலையைக் கொஞ்சம் சாயி, தாயி," என்றார் மெதுவாக. "நாளைக்குப் பெரிய வாத்தியார் முன்னாடியும் இப்படியே சாயணும்."

வேறு யாராவது கேட்டிருப்பார்களோ என்று எனக்குத்தான் திக்கென்றது. இறங்கும்வரை அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.