திரிஃபோன் முகடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றி என்பதே கிடையாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், உள்ளே போகிறவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கதவுக்கே இப்படி என்றால், மலையைக் கொடுத்தவனை எங்கே மதிக்கப்போகிறார்கள்?

விசாரணை அதிகாரியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றும் சொன்னேன். நாலாவதோடு பள்ளியை விட்டவன் நான். காகிதத்தை நம்புவதில்லை.

அண்டார்க்டிகா தீவு ஒன்றில் இருக்கும் எங்கள் பல்கேரிய முகாமுக்குக் கோடைதோறும் வண்டி ஓட்டப் போவேன். பனிக்கடியில் பிளவு ஒளிந்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்து, பத்திரமான வழியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்களை நடுவதும் என் வேலைதான். மூங்கில் நிற்கிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

திரிஃபோன் எங்கள் சமையல்காரன். தங்கமான பையன். அடுப்படி ஜன்னலில் ஒரு முகடு தெரியும். அந்த மலைத்தொடரில் பெயர் வைக்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான். தினமும் காலையில் கரண்டியை நெற்றியில் வைத்து அதற்கு வணக்கம் போடுவான். “என் மலை” என்பான்.

வரைபடம் போடும் நெவெனா அம்மா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஊர் பேரு, ஆத்துப் பேரு, ராஜா பேரு வைக்கலாம்ப்பா. நம்ம ஆளுங்க பேருன்னா, செத்திருக்கணும். உயிரோட இருக்கறவன் பேரை, பேரு வைக்கற குழு ஏத்துக்காது.”

“அப்ப நான் செத்துட்டா பீன்ஸ் சூப்பு யாரும்மா வைப்பா?”

“இந்த சீசன் முடியறதுக்குள்ள வேற பேரு வரலைன்னா, பட்டியல்ல அடுத்து இருக்கற ஊர் பேரை வெச்சிருவோம்.” ஊரையும் சொன்னார்.

திரிஃபோன் தலையில் கைவைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “ஐயோ, அது என் மாமியார் ஊரு! அந்தம்மா இங்கயும் வந்து ஜன்னல் வழியா என்னைப் பாக்கணுமா? அதுக்கு நான் செத்தே போயிடலாம், கிரஸ்தன் அண்ணே!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒருவன் மனம்விட்டு ஒன்றைக் கேட்டால் காதில் போட்டுக்கொள்கிறவன் நான்.

பிப்ரவரியில் புனித திரிஃபோன் நாள் வந்தது. ஊரில் என்றால் திராட்சைக் கொடியை வெட்டி, வேரில் ஒயின் ஊற்றுவோம். அங்கே கொடி ஏது? “என் மலை அடியிலயாவது ஊத்திட்டு வரேன்” என்று பாட்டிலோடு கிளம்பினான். அவனுக்கு முன்பே நான் போய், மூங்கில்களைப் பிடுங்கிச் சற்று இடப்பக்கம் நட்டிருந்தேன். நேர்த்தியாகத்தான் நட்டேன், துணிகளைக்கூடப் புதிதாகக் கட்டினேன். அவன் பெயர்கொண்ட புனிதரின் நாள் அல்லவா.

பாடிக்கொண்டே போனான். குரல் அவ்வளவு நன்றாக இருக்காது. பாட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கூப்பிட்டான். என்னைத்தான் கூப்பிட்டான். பிறகு காற்று மட்டும் இருந்தது. மூங்கில்களைப் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டு வந்தேன். அன்று சூப்பை நானே வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஊர் திரும்பியபின், இளவேனிலில் குழு பெயரை ஏற்றுக்கொண்டது. திரிஃபோன் முகடு. ராஜாக்களுக்குப் பக்கத்தில்! ஒயினும் வரைபடமும் எடுத்துக்கொண்டு அவன் மனைவி ஸ்டாங்காவிடம் போனேன். வாசல் கதவில் அவன் படம் போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

“தங்கச்சி, தானா நடந்ததுன்னு நினைச்சியா? மலைக்குத் தன் பேரு வர செத்தே போயிடலாம்னு அவனே சொன்னான். மூங்கிலை மாத்தி நட்டது நான்தான்” என்றேன்.

“அவரு விளையாட்டுக்குச் சொன்னாரு அண்ணே…”

வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போலீசைத்தான் கூப்பிட்டாள்.

அதிகாரி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். மூங்கில் சரி, பாட்டு சரி. கடைசியில் ‘கொலை’ என்று ஒரு சொல். அதை அடித்தால்தான் கையெழுத்து என்றேன். அடிக்க மாட்டேன் என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

சிறைக்கு அழைத்துப்போன காவலன் இளவயசு, சிரித்த முகம். அந்த முகட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிக் குன்றைப் புதிதாகக் கண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்கு இன்னும் பெயர் இல்லை.

“உன் பேரு என்ன தம்பி?”

“ஸ்லாவேய்.”

“நல்ல பேரு. மலைக்குப் பொருந்தும்” என்றேன்.

ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நடந்தான்.