எதிரே உட்கார்ந்த முகம்

— தாடையக் கொஞ்சம் எறக்குங்க சென்னியப்பண்ணா. கழுத்து மட்டுந்தான் பாக்கி.

— உக்காந்து உக்காந்து இடுப்பு உட்டுப்போச்சு மகுடேசு. போட்டோ பாத்து வரையறவன் ஒரே நாள்ல குடுத்தர்றானாம்.

— அவங்கிட்டயே போயிருக்கலாமுங்ளே. நா பேனர்ல தலைவருங்க மொகம் வரஞ்சவன். பிளக்ஸ் வந்து பொழப்புப் போயி, ரெண்டு வருசம் சாயப்பட்டறையில துணி அலசுனேன். கை வெந்துபோச்சு. அப்பறந்தானுங்க இந்த ஆயில் பெயிண்ட்டு. ஆளை எதுக்க வெச்சு வரையறான்னுதான் பனியன் கம்பெனிக்காரங்க தேடி வர்றீங்க.

— அதுக்குத்தான் வந்தன். இன்னொரு படமும் வேணும். எம் புள்ளைது.

— ஜனனி கண்ணுதுங்களா?

— ம். மாலை போட்டு வரஞ்சிரு.

— ஏனுங்க, அது உசுரோட இருக்குதுங்க.

— ஊருக்கு இருக்கும். நம்ம கம்பெனிக் கட்டிங் மாஸ்டரு, வேத்துச் சாதிக்காரன், அவனோட போன அன்னைக்கே எனக்குச் செத்துப்போச்சு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாச்சு. படந்தான் பாக்கி.

— என்னால ஆகாதுங்க.

— நா ஒரு வார்த்தை சொன்னா இந்த ஊர்ல ஒருத்தன் உம்முன்னால வந்து உக்கார மாட்டான்.

— சொல்லிக்குங்க. மறுக்காப் போயித் துணி அலசிக்கறேன். ஆட்டாதீங்க தலைய. ஜனனி கண்ணு போன வாரம் இங்க வந்துச்சு.

— இங்கயா?

— உங்க படம் இங்க காயுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அரைமணி நேரம் இதையே பாத்துட்டு உக்காந்துருந்துச்சு. அப்பாவுக்குக் காதோரம் இவ்வளவு நரைச்சுருச்சுங்களான்னு கேட்டுச்சு. வவுத்துல ஏழு மாசமுங்க.

— எளச்சுருச்சா?

— பாதியாப் போச்சு. கண்ணைத் தொடச்சுக்குங்க, நா ஒருத்தந்தான இருக்கறன்.

— வளையல் போட்டாங்களா?

— பொறந்த ஊட்டுல இருந்து ஆளு வராம யாருங்க போடறது?

— எங்க இருக்குது?

— கேக்காதீங்க. சொல்றதில்லைன்னு அதுங்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கறேன்.

— பெத்தவன் கேக்கறன் மகுடேசு. ஒரு சீல, ரெண்டு டஜன் வளையல். என்ற கையால போட்டுட்டு வந்தர்றேன்.

— முப்பது வருசமா மொகத்தையே பாத்துட்டு இருக்கறவனுங்க நானு. உங்க மொகத்துல பொய் தெரியலீங்க. அனுப்பர்பாளையம், பாத்திரப் பட்டறைக்குப் பின்னால லைன் ஊடு, மூணாவது கதவு. பகல்ல போங்க. அவன் ஷிப்ட்டுக்குப் போயிருவான், புள்ளை தனியாத்தான் இருக்கும்.

— ரொம்ப நல்லதுப்பா.

— எந்திரிச்சுட்டீங்களே. செரி, கழுத்தை அப்பறம் முடிச்சுக்கலாம். போறப்ப மல்லியப்பூவும் வாங்கிக்குங்க, அதுக்குப் புடிக்கும்.

— இரு, வெளிய நின்னு பையனுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்... அலோ, வேல்குமாரு, எடம் தெரிஞ்சுருச்சு. மாமனை ஏத்திக்க. நம்ம கார் வேண்டாம், நம்பரை வெச்சுப் போலீசு புடிச்சுரும். அம்மாகிட்ட மூச்சு உட்டறாதே.